எம்டன் தெரியும்... 'மெட்ராஸ்' கப்பலைத் தெரியுமா?

தினமும் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறேன். 1928-ல் காசநோயாளிகளுக்காக டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய ஆஸ்பத்திரிதான் அந்த ஸ்டேஷனுக்குப் பெயர் கொடுத்தது. கொடுத்துவைத்த ஆஸ்பத்திரி!

அதற்கும் முன்பு, சென்னை மாகாண மக்கள் காசு போட்டு நடத்திய ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. அது இருந்த இடத்தைக் காட்டச் சொன்னால் யாராலும் முடியாது. ஏனென்றால், அது ஒரு கப்பல்.

1914 செப்டம்பர் 22 இரவு. ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தைக் குண்டுகளால் தாக்கியது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. 'அவன் பெரிய எம்டன்' என்று நம் வீடுகளில் சொல்வது அன்று வந்ததுதான். அதே போரில், சென்னை யுத்த நிதிக்குச் சேர்ந்த நன்கொடையால் 'டாண்டா' என்ற புத்தம்புதுக் கப்பல் ஆஸ்பத்திரியாக மாறியது. 'மெட்ராஸ்' என்று பெயர் சூட்டினார்கள். மெசபடோமியா, அதாவது இன்றைய ஈராக் போர்முனையில் காயம்பட்ட சிப்பாய்களைச் சுமந்தது அது.

குண்டு போட்ட கப்பல் பேச்சுவழக்கில் நிலைத்துவிட்டது. கட்டுப்போட்ட கப்பலை யாருக்கும் தெரியவில்லை. இது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. எங்காவது ஒரு கல்லாவது இருக்குமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிண்டியில் இறங்கி போரூர் பஸ் பிடித்து நந்தம்பாக்கம் போனேன். டிரேட் சென்டருக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். அதே பூந்தமல்லி சாலையில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குள் போனதில்லை. வெட்டிவிட்ட புல், ஒரே அளவில் வரிசையாகக் கற்கள். இரண்டாம் உலகப்போரில் இறந்த 856 பேர் இங்கே இருக்கிறார்கள். தென்னிந்தியா, கிழக்கிந்தியாவில் பல இடங்களில் சிதறிக்கிடந்த கல்லறைகளை இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். சில கற்களில் வயதைப் படித்ததும் நின்றுவிட்டேன். என்னைவிடச் சின்னப் பையன்கள்.

தோட்டத்தின் பின்பகுதியில் முதல் உலகப்போர் நினைவுச்சின்னம். இந்தியாவின் பல மூலைகளில் புதைக்கப்பட்டு, கல்லறையைப் பராமரிக்க முடியாமல் போன ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் உள்ளன. எல்லாமே இறந்தவர்களின் பெயர்கள். 'மெட்ராஸ்' கப்பலில் பிழைத்து ஊர் திரும்பியவர்களுக்கு எந்தக் கல்லில் இடம்? கப்பலின் பெயரும் என் கண்ணில் படவில்லை.

அந்தக் கப்பல் போருக்குப் பிறகு மறுபடியும் 'டாண்டா'வாக ஓடியது. 1944 ஜூலையில், அடுத்த உலகப்போரில், ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று அதை அரபிக்கடலில் மூழ்கடித்தது.

போவதென்றால் காலையிலேயே போங்கள், வெயில் கொளுத்துகிறது. முன்வரிசைகளோடு திரும்பிவிடாமல், அந்தப் பின்பகுதி வரை நடந்துவிட்டு வாருங்கள்.