ஜாமீன் கையெழுத்து

கையெழுத்து என்றால் எனக்குப் பழக்கமானதெல்லாம் குழந்தைகளின் பிராக்ரஸ் ரிப்போர்ட்டும், நகைச்சீட்டுப் புத்தகமும்தான். பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள் நான். ஆனால் நங்கநல்லூரில் நாங்கள் குடியிருக்கும் வீடு என் பெயரில் இருக்கிறது. அப்பா எனக்கென்று எழுதிவைத்தது. அதனால்தான் போன வருஷம் என் கையெழுத்துக்குத் திடீரென்று ஒரு மவுசு வந்தது.

கும்பகோணத்தில் இருக்கும் என் நாத்தனாரின் மகளுக்குச் சென்னையில் வேலை. ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. கூட வேலை பார்க்கும் இரண்டு பெண்களோடு சேர்ந்து வேளச்சேரியில் ஒரு ஃபிளாட் பார்த்தாள். வாடகை மாதம் 24,000 ரூபாய், ஆளுக்கு 8,000. முன்பெல்லாம் சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பார்கள். வேறு மாதிரி எழுதிக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2017-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சட்டம் சொல்கிறது. வீட்டுக்கார அம்மாவும் மூன்று மாதம்தான் கேட்டார். ஆனால், "கல்யாணம் ஆகாத பொண்ணுங்க. உள்ளூர்ல சொந்த வீடு இருக்கிறவங்க யாராவது ஜாமீன் போட்டாத்தான் சாவி" என்று சொல்லிவிட்டார்.

உடனே கும்பகோணத்திலிருந்து போன். "ஒரு கையெழுத்துதானேம்மா, போட்டுக் குடுத்துடு."

இந்த 'ஒரு கையெழுத்துதானே' என்கிற பேச்சைக் கேட்டாலே என்னவருக்குத் தூக்கிவாரிப்போடும். ஒரு நண்பருடைய பாங்க் கடனுக்கு அவர் ஜாமீன் போட்டிருந்தார். பின்னால் பையனின் படிப்புக்காக நாங்கள் கடன் கேட்கப் போனபோது, அந்த நண்பரின் கடனும் இவருடைய சிபில் அறிக்கையில் வரிசையாக நின்றது. "அக்கா கேட்டாங்கன்னு போடாதே, அக்கா கேட்டாங்கன்னு மாட்டேன்னும் சொல்லாதே. உன் வீடு, நீயே யோசி" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நல்ல யோசனை!

நாத்தனார் வாய்விட்டுக் கேட்டதை மறுப்பது எவ்வளவு சங்கடம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒப்பந்தத்தின் நகலை அனுப்பச் சொன்னேன். எல்லாம் இங்கிலீஷ். எதிர்வீட்டு மாமா கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவரிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

"மாமா, பொண்ணுங்க வாடகை குடுக்கலேன்னா, முதல்ல அவங்களைக் கேட்டு, கேஸ் போட்டு, அப்பவும் கிடைக்கலேன்னாத்தானே எங்கிட்ட வருவாங்க?" என்றேன்.

"அதுதான் இல்லேம்மா. வேற மாதிரி எழுதாத வரைக்கும், வாங்கினவனுக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. 1872-ல வந்த ஒப்பந்தச் சட்டம், 128-வது பிரிவு. முதல்ல அவங்களைத் துரத்திட்டுத்தான் உங்கிட்ட வரணும்னு கட்டாயம் கிடையாது. சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு."

"எனக்கு இதுல ஒரு பைசா வரும்படி இல்லையே?"

"உனக்கு வரவேண்டாம். அந்தப் பொண்ணுங்களுக்கு வீடு கிடைக்குதே, சட்டத்துக்கு அது போதும்."

வரிவரியாகப் படித்துச் சொன்னார். வாடகை, மின்சாரக் கட்டணம், மராமத்துச் செலவு, சேதம், எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு. தொகைக்கு உச்சவரம்பு இல்லை. பதினோரு மாதம் முடிந்து நீட்டித்தால், அந்தக் காலத்துக்கும் நானே. அதைவிட முக்கியம், மூன்று பெண்களுக்கும் சேர்த்து ஒரே ஜாமீன். நாத்தனார் மகளைத் தூளியில் கிடந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். மற்ற இரண்டு பெண்களின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. அவர்கள் வைக்கும் பாக்கிக்கும் என் அப்பா கொடுத்த வீடுதான் பின்னால் நிற்கும்!

நமக்குச் சாதகமாகவும் சில உண்டு என்றார் மாமா. நாம் கட்டிய பணத்தை, யாருக்காகக் கட்டினோமோ அவர்களிடம் திருப்பிக் கேட்க உரிமை இருக்கிறது. நம்மைக் கேட்காமல் வாடகையை உயர்த்தினாலோ வேறு நிபந்தனையை மாற்றினாலோ, அதற்குப் பிறகு வரும் பாக்கிக்கு நாம் விடுபடலாம். "ஆனா அதெல்லாம் கோர்ட்டுக்குப் போனபிறகு பேசறது. கையெழுத்துக்கு முன்னாடி பேசினா காபியோட முடிஞ்சுபோகும்."

மறுநாள் நானே வேளச்சேரிக்குப் போனேன். வீட்டுக்கார அம்மாள் கணவரை இழந்தவர். அந்த வாடகைதான் அவருக்கு மாதச் சம்பளம். முன்பு குடியிருந்தவர்கள் இரண்டு மாத வாடகையையும் கரண்ட் பில்லையும் பாக்கி வைத்து, சமையலறைச் சிங்க்கையும் உடைத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்தார்களாம். கேட்கக் கேட்க அவர் மேல் எனக்கு இருந்த கோபம் இறங்கிவிட்டது. அவர் பயமும் நியாயம்தானே? என் பயத்தை நானும் ஒளிக்காமல் சொன்னேன்.

ஒரு மணி நேரம் பேசினோம். என் பொறுப்பு மொத்தத்தில் 72,000 ரூபாய்க்கு மேல் போகாது. பதினோரு மாதத்தோடு முடியும். நீட்டித்தால் புதுக் கையெழுத்து. பத்தாம் தேதிக்குள் வாடகை வராவிட்டால் உடனே எனக்குத் தகவல் தரவேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைக் கேட்டு, "இது எனக்கே சௌகரியம்" என்று சிரித்தார். மற்ற இரண்டு பெண்களின் அப்பாக்களும் அவரவர் பெண்ணின் பங்குக்கு எழுதித் தரவேண்டும் என்றும் சொன்னேன். ஒருவர் தந்தார்; இன்னொருவர் இன்று நாளை என்று இழுத்துக் கடைசியில் தந்தார். ஒப்பந்தத்தைத் திருத்தி டைப் செய்தபிறகுதான் பேனாவைக் கையில் எடுத்தேன்.

நாத்தனாருக்குக் கோபம். "என் பொண்ணை நம்பலையா நீ?" என்றார். "உங்க பொண்ணை நம்பித்தான் போட்டேன் அக்கா, மத்த ரெண்டு பேருக்காகத்தான் எழுதி வாங்கினேன்" என்றேன். இரண்டு மாதம் போன் இல்லை. அவர் ஒவ்வொரு வருஷமும் அனுப்பும் வடகமும் வரவில்லை.

ஐந்தாம் மாதம் பதினோராம் தேதி வீட்டுக்கார அம்மாள் கூப்பிட்டார். மூன்று பெண்களில் ஒருத்திக்கு வேலை போய், சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டாளாம். வாடகையில் 8,000 குறைகிறது. எழுதிக் கொடுத்திருந்த அவள் அப்பாவைப் போனில் பிடித்தேன். முதலில் முணுமுணுத்தார், பிறகு நான்கு நாளில் பணத்தை அனுப்பிவிட்டார். நான் கைப்பணம் போடவேண்டி வரவில்லை. மூன்று மாதம் கழித்துத் தெரிந்திருந்தால் 24,000 ரூபாயாக நின்றிருக்கும். இந்த மனுஷரும் போனை எடுத்திருப்பாரோ என்னவோ!

நாத்தனார் மகளே இதைத் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அடுத்த வாரம் கும்பகோணத்திலிருந்து வடகம் வந்தது. அதைப்பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

காலியான இடத்துக்குத் திண்டுக்கல்லிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். அவளுடைய அம்மா எனக்குப் போன் செய்தார். "அக்கா, எங்க பொண்ணு பங்குக்கு நாங்களும் கையெழுத்துப் போடணுமாமே. எந்தப் பக்கத்துல போடணும்?"

"முதல்ல நகலை வாங்குங்க. ராத்திரி எட்டு மணிக்கு மேல கூப்பிடுங்க, வரிவரியாப் படிச்சுச் சொல்றேன்" என்றேன். எட்டு மணிக்குச் சரியாக மணி அடித்தது. அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.