பொதிகையின் மேலைச் சரிவு

பொதிகை என்றவுடன் தமிழர் உள்ளத்தில் தோன்றுவன குற்றாலச் சாரலும், பொருநை ஆறும், தமிழ் வளர்த்த முனிவர் என்று போற்றப்படும் அகத்தியருமே. அம்மலை நெல்லைச் சீமைக்கே உரியது என்று நம்மில் பலர் எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் பிழைப்புக்காக வந்து நாம் குடியமர்ந்த இத்திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே அதன் மேலைச் சரிவு இருக்கிறது. கரமனை ஆறு அத்தொடரிலிருந்தே இறங்கி வருகிறது. அந்த ஆற்று நீரே பேப்பாறை அணையில் தேங்கி, அருவிக்கரையில் எடுக்கப்பெற்று, நகரத்துக் குழாய்களில் குடிநீராக வருகிறது. ஆகவே அம்மலைக் காடு எவ்வாறு காக்கப்படுகிறது என்பது ஒவ்வொரு நாளும் நம் வீட்டு அடுப்படியைத் தொடும் செய்தியாகும்.

அதனை அறியும் ஆவலுடன் நாம் நெடுமங்காட்டு வழியே புறப்பட்டோம். அச்சாலை பாலோடு, தென்மலை ஆகிய ஊர்களைக் கடந்து செங்கோட்டைக்குச் செல்லும் பழைய சாலை. செங்கோட்டை 1956 நவம்பர் முதல் நாள் வரையில் திருவிதாங்கூரோடும், பின்னர் திரு-கொச்சியோடும் சேர்ந்திருந்தது. மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது எல்லைக்கோடு மலைமுகட்டின் மேல் ஓடியது. யானைக்கும் காட்டு மரத்துக்கும் அக்கோடு தெரியாது. எனவே இருபுறமும் ஒரே திட்டத்தின்கீழ்க் காக்கப்பட வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்று, 2001-ஆம் ஆண்டில் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் அமைந்தது. கேரளத்தில் நெய்யாறு, பேப்பாறை, செந்துருணி ஆகிய சரணாலயங்களும், தமிழகத்தில் களக்காடு - முண்டந்துறைப் புலிகள் காப்பகமும் அதனுள் அடங்கும். பரப்பு ஏறத்தாழ 3,500 சதுர கிலோமீட்டர். 2016-இல் யுனெஸ்கோ அமைப்பு இதனைத் தன் உலகப் பட்டியலில் சேர்த்தது. உயர்வகைத் தாவரங்கள் 2,254 இங்கு உள்ளன என்றும், அவற்றுள் ஏறத்தாழ 400 இம்மண்ணுக்கே உரியவை என்றும் அவ்வமைப்பு கணக்கிடுகிறது.

உயிர்க்கோளக் காப்பகம் என்பது வெறும் வேலி அன்று. நடுவே மனிதர் கை படாத உட்காடு. அதைச் சூழ்ந்து, ஆராய்ச்சிக்கும் அளவான பயன்பாட்டுக்கும் இடந்தரும் காவல் வட்டம். அதற்கும் வெளியே மக்கள் உழுது பயிரிட்டு வாழும் வட்டம் என மூன்று வளையங்களாக அது வகுக்கப்படுகிறது. காடும் மனிதரும் சேர்ந்து வாழ்வதற்கு வழி காண்பதே அதன் நோக்கம். ஏட்டில் இது எளிது. நடைமுறையில் எத்தனை கடினம் என்பதை ஒரு சிறு செடியின் வரலாறு காட்டுகிறது.

நகரத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பாலோட்டில் 1979-இல் ஒரு தாவரவியல் தோட்டமும் ஆராய்ச்சி நிலையமும் தொடங்கப்பெற்றன. இன்று அந்நிலையம் ஜவாஹர்லால் நேருவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1987-ஆம் ஆண்டின் இறுதியில், புஷ்பாங்கதன் என்னும் விஞ்ஞானியின் தலைமையில் ஓர் ஆராய்ச்சிக் குழு அகத்தியமலைக் காட்டில் ஏறியது. வழிகாட்டிகளாக வந்தவர்கள் காணி இனத்தார். குழுவினர் மூச்சுத் திணறி நின்ற இடங்களில் அவர்கள் சோர்வின்றி நடந்தனர். இடையிடையே ஒரு சிறு காயை மென்றுகொண்டிருந்தனர். அது யாதென வினவியபோது முதலில் சொல்ல மறுத்தனர். பிறகு, குழுவினர் பலமுறை வேண்டவே, அச்செடியைக் காட்டினர். ஆரோக்கியப்பச்சை என்று இன்று பெயர் பெற்றிருப்பது அதுதான். மரநிழலில் வளரும் மிகச் சிறிய செடி. அறியாதார் மிதித்துச் செல்வர்.

ஆராய்ச்சி நிலையம் அதன் இலையோடு வேறு மூன்று மூலிகைகளையும் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995-இல் அதனைச் செய்து விற்கும் உரிமை, கோயம்புத்தூர் ஆரிய வைத்திய நிறுவனத்துக்கு ஏழாண்டுகளுக்கு வழங்கப்பட்டது. உரிமைத் தொகை பத்து லட்சம் ரூபாய். அதற்கு மேல் விற்பனையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. இவ்விரண்டிலும் பாதி காணி மக்களுக்கே சேரவேண்டும் என்று நிலையம் முடிவு செய்தது. பழங்குடியினரின் அறிவுக்குப் பங்கு தரவேண்டும் என்ற சட்டம் நம் நாட்டில் அன்று இல்லை. 1992-இல் ரியோ நகரில் உருவான உலக உடன்படிக்கை மட்டுமே அவ்வாறு கூறியிருந்தது. ஆகவே உலகம் இம்முயற்சியை வியந்து நோக்கியது. 2002-இல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டின்போது ஐக்கிய நாடுகளின் பரிசும் கிடைத்தது.

ஆயினும் மலையடிவாரத்தில் நிலைமை அத்துணை இனிமையாக இல்லை. காணி மக்கள் சிறுசிறு குடியிருப்புகளாகச் சிதறி வாழ்பவர்கள். பேச்சு நடந்தது அவர்களுள் ஒரு சிலரோடு மட்டுமே. மருந்தறிவைக் காத்துவரும் பிலாத்திகள் சிலர், தம் அறிவு தனியாருக்கு விற்கப்படுவதை எதிர்த்து 1995-இலேயே அரசுக்கு எழுதினர். பங்கைப் பெறுவதற்கென ஓர் அறக்கட்டளை 1997-இல்தான் பதிவாயிற்று. முதல் தொகையாகிய ஐந்து லட்சத்துச் சில்லறை ரூபாய் 1999-இல்தான் கைக்கு வந்தது. காட்டோரத்தில் செடியைப் பயிரிட்டு இலை விற்கக் காணிக் குடும்பங்கள் முன்வந்தன. ஆனால் பயிர் என்ற பெயரில் காட்டுச் செடியே வேரோடு பிடுங்கப்படலாம் என்று வனத்துறை அஞ்சித் தடுத்தது. அந்த அச்சம் காரணமற்றது என்று சொல்லிவிட இயலாது. மருந்துக்கு விலை ஏறினால் மலையில் செடி மிஞ்சாது என்பது நம் நாட்டு மூலிகைகள் பலவற்றின் கதையாகும். எனினும், அச்செடியை அறிந்தவர்களுக்கே அதன்மேல் உரிமையில்லை என்றாகிவிட்டது. இலை வரத்துக் குன்றியது. உரிமைக் காலமும் முடிந்தது.

இதில் எவரையும் தீயவர் என்று கூறுவதற்கில்லை. விஞ்ஞானி நேர்மையுடன் பங்கு கொடுக்க முனைந்தார்; வனத்துறை காட்டைக் காக்க முனைந்தது; காணி மக்கள் பிழைக்க முனைந்தனர். மூவரும் முதல் நாளிலேயே ஒரே பாயில் அமர்ந்து பேசவில்லை என்பதே குறை.

கடல் கடந்த ஒரு சிறு நாட்டையும் இங்கே நினைவுகூரலாம். பசிபிக் பெருங்கடலில் உள்ள சமோவாவில் ஃபலேயலுபோ என்றோர் ஊர். பள்ளிக்கூடம் கட்டப் பணமின்றி, ஊரார் தங்கள் காட்டை மரவியாபாரிகளுக்கு ஒப்படைக்கும் நிலை வந்தது. அங்கே மூலிகை ஆராய வந்திருந்த ஓர் அயல்நாட்டு அறிஞர் அப்பணத்தைத் திரட்டித் தந்தார். 1989-இல் காட்டைக் காப்பதென்று ஊர்த் தலைவர்கள் உடன்பாடு செய்தனர். அவ்வூர் மருத்துவச்சியர் காட்டிய மாமாலா என்னும் மரத்திலிருந்து மருந்து பிறந்தால், வருவாயில் நூற்றுக்கு இருபது சமோவாவுக்கு என்று 2001-இல் ஒப்பந்தமும் எழுதப்பட்டது. தீவானாலும் மலையானாலும் உண்மை ஒன்றே: காட்டோடு வாழ்பவரின் வயிற்றையும் வாக்கையும் மதிக்காத திட்டம் காட்டை நெடுநாள் காக்காது.

நம் நாடும் இப்பாடத்தை ஓரளவு கற்றது. 2002-இல் பல்லுயிர்ச் சட்டம் பிறந்தது. அதன்படி தேசிய ஆணையம் சென்னையிலும், கேரள மாநில வாரியம் நம் திருவனந்தபுரத்திலும் இயங்குகின்றன. ஊராட்சி முதல் மாநகராட்சி வரை உள்ளாட்சிகள்தோறும் ஒரு குழு அமைத்து, 'மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு' எழுதவேண்டும் என்பது ஏற்பாடு. அவ்வூரில் என்ன மரம், என்ன நெல், என்ன மீன், எதற்கு எது மருந்து என்பனவற்றை ஊராரிடமே கேட்டு எழுதுவது அப்பதிவேடு. 2006-இல் வந்த வன உரிமைச் சட்டம் காட்டுவாழ் மக்களின் அறிவும் சிறு விளைபொருளும் அவர்களுக்கே உரியவை என்று ஏற்றுக்கொண்டது. எதை வெளிப்படுத்துவது, எதைத் தம்முள் காப்பது என்பதை உரியவரே தீர்மானிக்கும் வரையில்தான் இச்சட்டங்களுக்குப் பொருள் உண்டு.

வெளியூரிலிருந்து வந்த நமக்கு இதில் என்ன பங்கு என்று சிலர் கேட்கலாம். கரமனையிலும் வலியசாலையிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள், நெல்லையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் தம்முடன் கொண்டுவந்த அறிவு சிறிதன்று. பிள்ளை பெற்றவளுக்குக் காயமருந்து இடிப்பதும், மாந்தத்துக்கு உரை மருந்து இழைப்பதும், கண்டங்கத்தரியையும் தூதுவளையையும் கண்டால் பெயர் சொல்வதும் நம் பாட்டிமாரின் கல்வி. அவர்கள் மறைந்தால் அது எந்த ஏட்டிலும் இராது. அவர்களிடம் கேட்டு, செடியின் பெயர், கிடைக்கும் இடம், பயன் ஆகியவற்றைக் குறித்துவைத்து, அவர்கள் இசைந்தால் மாநகராட்சிக் குழுவிடம் சேர்ப்பிப்பது நம்மால் இயலும்.

மற்றொன்றும் உண்டு. ஆண்டுதோறும் தை மாதத்தை ஒட்டி, போனக்காட்டிலிருந்து அகத்தியர்கூடத்துக்கு ஏற வனத்துறை அனுமதி தருகிறது. 2019 முதல் பெண்களும் தடையின்றி ஏறுகின்றனர். முனிவரை வணங்கச் செல்லும் நம்மவர், பிளாஸ்டிக்கை மலையில் விட்டு வராமலும், வழியில் கண்ட செடியைப் பிடுங்கி வராமலும் இருத்தல் வேண்டும். உடன்வரும் காணி வழிகாட்டியைச் சுமைகூலியாக எண்ணாமல், அக்காட்டின் ஆசானாகக் கருதி, அவர் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்போமாக. நாம் பருகும் நீரை மலையில் காத்துத் தருவோருள் அவரும் ஒருவர்.