சுவரில்லாத ஆலயமும் எங்கள் பழைய பள்ளியும்

ஒரு செயலமர்வுக்காகக் கண்டிக்குப் போயிருந்தோம். மூன்று பேரும் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் ஒன்றாகப் படித்தவர்கள். கடைசி நாள் பின்னேரம் நேரம் இருந்தது. செயலமர்வில் பழக்கமான நண்பர் ஒருவர், "வாங்க சேர், ஒரு சேர்ச் காட்டுறன்" என்று திரித்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனார்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு கிறிஸ்தவ ஆலயம் ஒன்றின் முன்னால் நிற்கவே எங்களுக்குக் கால் கூசும். சாய்ந்தமருதில் அந்த வெள்ளிக்கிழமை இரவு வெடித்த சத்தம் பாண்டிருப்பில் எங்கள் வீடுகளுக்கும் கேட்டது. "தொப்பியோட உள்ள வரலாமா?" என்று தயங்கினோம். நண்பர் சிரித்தார்: "நாலு பக்கமும் காத்து வருது, நீங்க வாறதுக்கென்ன சேர்?"

உண்மைதான். அந்த ஆலயத்துக்குப் பக்கச் சுவர்களே இல்லை. செதுக்கிய 54 கருங்கல் தூண்கள், ஒவ்வொன்றும் 16 அடிக்கு மேல். அதன்மேல் கண்டிப் பாணி ஓட்டுக்கூரை. பழைய அரசர்களின் கொலு மண்டபம் மாதிரி. வரைந்தவர் அக்கல்லூரியின் உப அதிபராயிருந்த கஸ்டர் என்ற வெள்ளைக்காரப் பாதிரியார். 1935இல் கட்டி முடித்திருக்கிறார்கள். இங்கிலாந்துக் கோபுரம் ஒன்றைக் கொண்டுவந்து வைக்க அவரால் முடியாதா? இந்த மண்ணின் தூணையும் கூரையையும்தான் எடுத்தார்.

உள்ளே டேவிட் பேய்ன்டரின் சுவரோவியங்கள். ஈஸா (அலை) அவர்களை உருவமாக வரைவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒரு படத்தின் பின்னணியில் எங்கள் களப்புக் கரையில் நிற்கும் அதே கண்ணாக் காடு! அதைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது.

திரும்பும் வழியில் பஸ்ஸில் எங்கள் பழைய பள்ளியைப் பற்றித்தான் கதைத்தோம். மூத்தவாப்பாமார் கட்டியது. மரத்தூண், ஓட்டுக்கூரை, காற்றோட்டமான விறாந்தை, ஹவ்ழ். அதை உடைத்து, கண்ணாடியும் பெரிய குப்பாவும் உயர்ந்த மதிலுமாகக் கட்ட நிர்வாகம் தீர்மானித்திருக்கிறது. போன மாதம் அதற்குக் கையொப்பம் வைத்தவர்களில் நாங்களும் அடக்கம். "இப்பதான் பள்ளி பள்ளி மாதிரி இரிக்கப் போகுது" என்று சொன்னதும் எங்களில் ஒருவர்தான்.

பள்ளி மாதிரி என்றால் எது மாதிரி? கீழக்கரை ஜும்ஆப் பள்ளி திராவிடக் கல்தூண்களில் நிற்கிறது. கோழிக்கோட்டு மிஷ்கால் பள்ளியில் மினாரா இல்லை, ஓட்டுக்கூரைதான். சீனாவின் ஷியான் பெரிய பள்ளி சீனக் கட்டடமாகவே இருக்கிறது. அங்கெல்லாம் தொழுகை குறைந்துவிடவில்லை.

இடம் போதாது என்பது உண்மை. ஜும்ஆவுக்கு வெயிலில் நின்று தொழுகிறோம். ஆனால் பின்வளவு வெறுமையாகத்தான் கிடக்கிறது. புதியதை அங்கே கட்டலாமே?

வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு கூட்டம். வைத்த கையொப்பத்தைத் திருப்பிக் கேட்கப் போகிறோம். "நேத்து ஒரு கதை, இண்டைக்கு ஒரு கதையா?" என்று மரைக்கார்மார் ஏசுவார்கள். ஏசட்டும், பிழை எங்களுடையதுதான். இன்ஷா அல்லாஹ், அந்த மரத்தூண்களையாவது கேட்டு வாங்குவோம்.

துஆச் செய்யுங்கள்.