இரவற் குரல்

அமெரிக்க நாட்டுச் சிற்றுண்டிக் கடைகளில் முன்னாளில் 'ஜூக்பாக்ஸ்' என்னும் இசைப்பெட்டி ஒன்று வைக்கப்பட்டிருக்கும். காசொன்றை இட்டு, விரும்பிய பாட்டுக்குரிய பொத்தானை அழுத்தினால், தன்னுள் அடுக்கிய இசைத்தட்டுகளுள் அதற்குரியதைத் தேர்ந்தெடுத்து அப்பெட்டி பாடும். பாட்டெல்லாம் கேட்போர்க்கு முன்பே பழகியவை. இப்பெட்டியின் பெயராலேயே ஒருவகை இசைப்படமும் இக்காலத்தில் வழங்கப்படுகின்றது. கதைக்கெனப் பாட்டு இயற்றாமல், முன்னரே மக்கள் நாவில் பயின்ற பாட்டுகளைத் திரட்டிக்கொண்டு, அவற்றிற்கெனக் கதை இயற்றுவது அவ்வகை. பூவைக் குவித்து வைத்துவிட்டுப் பின்னர் நார் தேடப் புறப்படுவது போன்ற தொழில் அது. நல்ல நார் வாய்ப்பது அரிது.

அவ்வரிய வாய்ப்புப் பெற்ற படம், 1952-ஆம் ஆண்டில் மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் நிறுவனத்தார் வெளியிட்ட 'சிங்கிங் இன் தி ரெயின்' என்பதாகும். மழையிலே பாடுதல் என்பது அப்பெயரின் பொருள். ஜீன் கெல்லி, ஸ்டான்லி டோனன் ஆகிய இருவரும் அதனை இயக்கினர். தயாரிப்பாளராகிய ஆர்தர் ஃபிரீட் ஒருகாலத்தில் பாடலாசிரியர். அவர் பாட்டு எழுத, நேசியோ ஹெர்ப் பிரௌன் என்பார் இசையமைக்க, 1929 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் அப்பாட்டுகள் பல படங்களில் ஒலித்தன. அவற்றையெல்லாம் ஒருங்கே கோத்து நிறுத்தும் கதை ஒன்று வேண்டுமெனப் பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன் என்னும் எழுத்தாளர் இருவரிடம் அவர் கூறினார். கதைக்கு முதலாக அவ்விருவரிடமும் இருந்தவை அப்பழம்பாட்டுகளே. அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள், இவை பிறந்த காலம் யாது என எண்ணத் தலைப்பட்டனர். பேசும்படம் தோன்றிய காலமன்றோ அது! வேறு கதை தேடி அலையாமல், பாட்டுப் பிறந்த காலத்தையே கதையின் காலமாக்கிக் கொண்டனர். இப்படத்தின் வெற்றி அந்த நொடியிலேயே உறுதியாயிற்று எனலாம்.

1927-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் 'தி ஜாஸ் சிங்கர்' என்னும் படம் வெளிவந்து, திரையுருவம் வாய் திறந்து பாடியதும், ஹாலிவுட் நகரம் கலங்கிப் போயிற்று. அதுகாறும் நடிகருக்கு முகம் இருந்தால் போதும். இனிக் குரலும் வேண்டும். இக்கலக்கமே கதைக்கு அடிப்படை. லீனா லமாண்ட் என்பவள் ஊமைப்பட உலகின் பேரழகி. ஆனால் வாய் திறந்தாலோ தகரத்தைக் கீறினாற்போன்ற குரல். ஒலிவாங்கியைச் செடிக்குள் மறைத்து வைக்கின்றனர். அவள் தலையைத் திருப்புந்தோறும் பேச்சில் பாதி காற்றோடு போகின்றது. ஆடைக்குள் மறைத்து வைத்தால், அவள் நெஞ்சத் துடிப்பு இடியென முழங்குகின்றது. முன்னோட்டக் காட்சியில் ஒலியும் உருவும் பிரிந்து, ஆண்வாயில் பெண்குரலும் பெண்வாயில் ஆண்குரலும் வெளிப்பட, அரங்கம் சிரித்துப் புரள்கின்றது. இவை வெறுங்கற்பனை அல்ல. அக்காலப் படப்பிடிப்பு நிலையங்களில் பாடுபட்டோர் நினைவிலிருந்த இடர்ப்பாடுகளே நகைச்சுவையாக உருப்பெற்றன. முடிவில், கேத்தி என்னும் இளநங்கை மறைவில் நின்று லீனாவுக்காகப் பேசவும் பாடவும் ஏற்பாடாகின்றது. முகம் ஒருத்தியுடையது, குரல் மற்றொருத்தியுடையது. புகழோ முகத்துக்கே.

படத்தின் பெயரைக் கொண்ட பாட்டினைச் சற்றே விரித்து நோக்குதல் தகும். 1929-இல் வெளிவந்த 'தி ஹாலிவுட் ரெவ்யூ' என்னும் படத்திலேயே அது இடம்பெற்றது. அங்கே மழையங்கி அணிந்த ஒரு கூட்டம் ஆடிப் பாடிற்று. மழை வெறும் மேடை அலங்காரம். யாருடைய மகிழ்ச்சி, எதனால் வந்த மகிழ்ச்சி என்ற கேள்விக்கே இடமில்லை. 1952-இல் அதே பாட்டைப் பாடுபவன் ஒரே ஒருவன். அழியவிருந்த தன் படத்தைக் காக்க வழி கண்டவன். காதலியை அவள் வீட்டு வாயிலில் விட்டு, காத்திருந்த வண்டியையும் அனுப்பிவிட்டு நனைந்தபடி நடப்பவன். நடை மெல்ல நடனமாகின்றது. விளக்குத்தூணில் தாவி ஏறுகின்றான். குடையை மடக்கிவிட்டு, கூரைநீர் கொட்டும் குழாயின் கீழ் முகத்தை ஏந்துகின்றான். குட்டை கண்ட சிறுவனைப்போல் நீரில் குதித்துக் கும்மாளமிடுகின்றான். காவலன் ஒருவன் வந்து நிற்கவே ஆட்டம் அடங்குகின்றது. குடையை வழிப்போக்கன் ஒருவன் கையில் திணித்துவிட்டு நடக்கின்றான். கூற்றும் களனும் காலமும் அறிந்தே பாட்டுக்குப் பொருள் கொள்ள வேண்டும் என்பது தமிழ் இலக்கணம் கற்றோர் அறிந்தது. இங்குப் பாட்டு ஒன்றே. பாடுவோனும் இடமும் பொழுதும் மாறியதனால், கூத்துப்பாட்டு ஒரு நெஞ்சின் பாட்டாகிவிட்டது. ஆங்கிலம் அறியாதவரும் அக்காட்சியைக் கண்டு முகமலர்வது இதனாலேயே.

அம்மகிழ்ச்சியைப் படைத்தோர் பட்ட பாடு பெரிது. அம்மழை நடனத்தின்போது ஜீன் கெல்லி 103 டிகிரி காய்ச்சலோடு ஆடினார். மழைத்தாரைகள் கண்ணுக்குப் புலப்படும்பொருட்டு அவற்றின் பின்னிருந்து ஒளி பாய்ச்சினர். கேத்தியாக நடித்த டெபி ரெய்னால்ட்ஸுக்கு அப்போது வயது 19. உடற்பயிற்சி அறிந்தவரே அன்றி நடனம் முறையாகப் பயின்றவர் அல்லர். காலையில் தொடங்கி நள்ளிரவை நெருங்கும் வரை ஆடிய ஒரு நடனத்தின் முடிவில் அவர் பாதங்களில் குருதி கசிந்தது. திரையிலோ மூவர் சிரித்துக்கொண்டு ஆடுவதே தெரியும்.

வெளிவந்த காலத்தில் இப்படம் நன்கு ஓடியதாயினும், ஆஸ்கார் பரிசு ஒன்றேனும் பெறவில்லை; இரண்டு பிரிவுகளில் பரிந்துரை பெற்றதோடு நின்றது. பெருமை பின்னர்தான் வந்தது. 1989-இல் அமெரிக்க அரசு காக்கத்தக்கன எனத் தேர்ந்த முதல் 25 படங்களுள் இதுவும் ஒன்று. அதற்குள் மூலப்படச்சுருள் தீக்கு இரையாகிவிட்டது. எஞ்சிய படிகளிலிருந்தே படம் புதுப்பிக்கப்பட்டது. 2022-இல் பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் திறனாய்வாளர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் இது பத்தாம் இடம் பெற்றது. லண்டன் மேடையில் நாடகமாகவும் இது 1983-இல் ஏறிற்று. பழம்பாட்டைக் கோத்துப் படமெடுக்கும் முறையும் ஓயவில்லை. 2001-இல் 'மூலான் ரூஷ்', 2008-இல் ஆபா குழுவினரின் பாட்டுகளைக் கொண்ட 'மம்மா மியா' என வந்தவை பல. அவற்றுள்ளும் களிப்பு உண்டு. எனினும் சிலவற்றில் கதை என்பது பாட்டை மாட்டுதற்கு அடித்த ஆணியாகவே நின்றுவிடுகின்றது.

இனிக் குரலின் கதைக்கு வருவோம். படத்தின் இறுதியில் லீனா திரைச்சீலைக்கு முன்னின்று வாயசைக்கின்றாள். கேத்தி பின்னின்று பாடுகின்றாள். மூவர் கூடிச் சீலையை மேலே இழுத்துவிட, உண்மை வெட்டவெளிச்சமாகின்றது. நாணி ஓடும் கேத்தியை, நீங்கள் கேட்டு மகிழ்ந்த குரல் இவளுடையதே என்று நாயகன் அவையோர்க்கு அறிவிக்கின்றான். இரவற் குரலுக்கு நீதி கிடைத்ததெனக் காண்போர் நெஞ்சம் நிறைகின்றது.

ஆனால் அப்படம் உருவான முறையோ வேறு. லீனாவுக்காகக் கேத்தி உரையாடலைப் பேசிப் பதிவு செய்வதாக வரும் காட்சியில் ஒலிப்பது, லீனாவாக நடித்த ஜீன் ஹேகனின் இயற்கைக் குரலே. கீறும் குரல் அவர் நடிப்புக்காக மேற்கொண்டது. அவருடைய சொந்தக் குரல் ஆழமும் இனிமையும் வாய்ந்தது. எவளுக்குக் குரல் இல்லையெனக் கதை நகைத்ததோ, அவள் வேடம் பூண்டவரே மற்றவருக்குக் குரல் ஈந்தார்! அதே கதையில் லீனாவுக்காகக் கேத்தி பாடும் காதற்பாட்டையோ, மூன்றாமவராகிய பெட்டி நாய்ஸ் என்னும் பாடகி பாடினார். சீலைக்குப் பின்னே கேத்தி. கேத்திக்கும் பின்னே நாய்ஸ்.

பெயர் அறியப்படாத சங்கப்புலவர் சிலருக்கு, அவர்தம் பாட்டில் அமைந்த அழகிய தொடர் ஒன்றையே பெயராக இட்டுப் போற்றினர் தொகுத்தோர். பெட்டி நாய்ஸின் பெயரோ அறியாப் பெயர் அன்று; பணியில் அமர்த்தியவர் அனைவரும் அறிந்த பெயரே. அவருக்காகச் சீலையை இழுப்பார் அன்று எவருமிலர். இப்படத்தைப் பற்றிப் பின்னர் எழுதியோர் அவர் பெயரை எடுத்துரைக்கின்றனர். படத்தின் தொடக்கத்தே ஓடும் பெயர் வரிசையில் அது இன்றளவும் இல்லை.