மேடைக்குப் பிறந்த குரல்

எனக்குக் கட்டைக் குரல். பள்ளியில் பிரார்த்தனைப் பாட்டுக்குப் பிள்ளைகளைப் பொறுக்கும்போது என்னைப் பின்வரிசையில் நிறுத்தி, வாயை மட்டும் அசைக்கச் சொல்வார்கள். பெண் பாடினால் குரல் மேலே ஏற வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயமாக இருந்தது. வானொலியைத் திருப்பினால் பி. சுசீலா, எஸ். ஜானகி, வாணி ஜெயராம். மூவரையும் இன்றும் நெஞ்சாரக் கேட்கிறேன். ஆனால் அந்த உயரத்தில் எனக்கு இடமில்லை என்று அந்த வயதிலேயே புரிந்துவிட்டது.

அப்படியிருக்கும்போதுதான் 1990இல் ‘அஞ்சலி’ கேசட் வீட்டுக்கு வந்தது. இளையராஜாவின் 500ஆவது படம். குழந்தைகளின் குரல்களுக்கு நடுவே ‘வேகம் வேகம்’ பாட்டில் அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எழுந்தது. “யாருடா இந்த ஆளு?” என்று அப்பா அண்ணனைக் கேட்டார். கேசட் அட்டையைப் பார்த்துப் பெயரைப் படித்தவள் நான். உஷா உதூப். பெண்! அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போதும் சொல்லி மாளாது.

பிறகு கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் 1947இல் பிறந்தவர். தந்தை காவல்துறை அதிகாரி. பள்ளிப் பாட்டு வகுப்பில் இந்தக் குரல் சரிப்படாது என்று அவரையும் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று படித்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். முறையாகச் சங்கீதம் படிக்காதவர். 1969இல் அவர் மேடையேறிய இடம் சென்னை மவுன்ட் ரோடு. சஃபையர் தியேட்டர் வளாகத்தின் அடித்தளத்தில் ‘நைன் ஜெம்ஸ்’ என்றொரு இரவு விடுதி இருந்தது. அங்கே புடவை கட்டிக்கொண்டு போய் ஆங்கிலப் பாட்டுப் பாடினார். இரவு விடுதிப் பாடகி என்றாலே பளபளக்கும் கவுன்தான் என்றிருந்த காலம். வீட்டில் கட்டுவதையே மேடையிலும் கட்டினார், அவ்வளவுதான். ஆனால் அதனால் நடந்தது பெரிது. கல்கத்தா பார்க் தெருவின் ‘டிரின்காஸ்’ உணவகத்தில் அவர் பாடத் தொடங்கிய பிறகு, அதுவரை அந்தப் பக்கம் தலைகாட்டாத குடும்பத்துப் பெண்களும் பாட்டுக் கேட்க வந்தார்கள் என்று அந்த நகரத்துக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

இதையெல்லாம் ஒருநாள் அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுபதுகளில் மவுன்ட் ரோட்டில் வேலை பார்த்தவர் அத்தை. அந்த வளாகத்தின் சஃபையர், ப்ளூ டைமண்ட், எமரால்ட் மூன்று தியேட்டர்களும் அவருக்கு அத்துப்படி. ப்ளூ டைமண்டில் படம் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். “கீழே பாட்டு நடக்கும்னு தெரியும்டி. சத்தம்கூட லேசா வரும். ஆனா எங்களை மாதிரிப் பொண்ணுங்க அங்க எறங்க முடியுமா?” என்றார் அத்தை. சஃபையரை இடித்துப் பல வருஷம் ஆகிறது. அந்தப் படிக்கட்டுகளில் இறங்க வேண்டும் என்று அத்தைக்கு ஒரு ஆசை இருந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சென்னைக் கச்சேரி அறிவிப்பு வந்ததும் இரண்டு டிக்கெட் எடுத்தேன்.

உஷா உதூப்பைப் பற்றி எனக்கு ஒரு முடிவு உண்டு. அன்றைய கச்சேரி அதை உறுதிப்படுத்தியது. அவருடைய இசைத்தட்டுகளிலும் சினிமாப் பாட்டுகளிலும் இருப்பது பாதி உஷாதான். இந்தி சினிமா அவரை ‘ஹரே ராம ஹரே கிருஷ்ணா’வில் அழைத்தது, எண்பதுகளின் டிஸ்கோ அலையில் உச்சத்துக்குக் கொண்டுபோனது. எல்லாம் சரி. ஆனால் கதாநாயகியின் உருக்கத்தை அவரிடம் கொடுக்கவில்லை. கிளப் காட்சியா, ஆட்டமா, கூப்பிடு உஷாவை என்று வைத்துக்கொண்டது. தமிழில் 1975லேயே ஏ.பி. நாகராஜன் ‘மேல்நாட்டு மருமகள்’ படத்தில் அவரைத் திரையிலேயே பாட வைத்தார். இசை, குன்னக்குடி வைத்தியநாதன். அதற்கப்புறம் தமிழ் சினிமா அவரை எப்போதாவதுதான் நினைத்துக்கொண்டது. இது நமக்குத்தான் நஷ்டம்.

மேடையில் முழு உஷா வந்தார். காஞ்சிப் பட்டு, தலை நிறையப் பூ, முழங்கை வரை வளையல். நெற்றியில் பெரிய பொட்டு, அதன் நடுவில் வங்காள எழுத்தில் ‘க’. கொல்கத்தாவின் ‘க’ அது. காலில் ஸ்னீக்கர்ஸ். பட்டுப்புடவைக் கரையை வெட்டி வைத்துத் தைத்தது. சரிகை, விளக்கு பட்டுப் பட்டு மின்னியது. எங்கள் இருக்கையிலிருந்து அது தெளிவாகத் தெரிந்தது. “மணிக்கணக்கா நிக்கணுமில்ல, கால் வலிக்காம இருக்கத்தான்” என்று அத்தை உடனே சொல்லிவிட்டார்.

அவர் மைக் பிடிக்கும் விதத்தைத்தான் நான் அதிகம் பார்த்தேன். கீழ் சுருதிக்கு இறங்கும்போது மைக்கை உதட்டோடு ஒட்டிக்கொள்கிறார்; அப்போது குரல் சத்தமாக வருவதில்லை, கனமாக வருகிறது, நாம் உட்கார்ந்திருக்கும் நாற்காலிச் சட்டம் வரை அதிர்கிறது. உச்சத்துக்குப் போகும்போது கை தானாக இடுப்புவரை தாழ்கிறது. பாட்டு முடியும் இடத்தில் பின்னால் திரும்பாமலேயே இடது கையை லேசாக உயர்த்துகிறார். பேஸ் கிட்டார்காரர் அடுத்த பாட்டின் தாளத்தைப் பிடித்துவிடுகிறார். கைதட்டலுக்கு இடைவெளி விட்டு, அதையே தாளமாக்கிக்கொண்டு அடுத்த மொழிக்குத் தாவுகிறார். ‘ஃபீவர்’ பாடினார்; அடெலின் ‘ஸ்கைஃபால்’ பாடினார். அடெல் பாடும்போது அதில் ஒரு துயரம் இருக்கும். இவர் பாடும்போது எல்லாம் பார்த்துவிட்ட ஒருத்தியின் தைரியம் இருந்தது. இது போலிசெய்து பாடுவதல்ல. கட்டைக் குரலுக்கு என்று ஒரு பாவம் உண்டு என்பதை வேறு யாருடைய கச்சேரியிலும் நான் இப்படி உணர்ந்ததில்லை.

ஒரு கட்டத்தில் பாட்டை நிறுத்திவிட்டு, அரங்கத்தை இரண்டாகப் பிரித்து, இந்தப் பக்கம் ஒரு வரி, அந்தப் பக்கம் ஒரு வரி என்று பாட வைத்தார். பின்வரிசைகள் முணுமுணுத்தன. அவர் விடவில்லை. பின்வரிசையைப் பார்த்துக் கையை நீட்டி, அவர்கள் வாய்விட்டுப் பாடும்வரை நின்றார். நான் பாடினேன். வாயை அசைக்கவில்லை, பாடினேன். தொண்டை அடைத்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

எண்பதுகளில் மேற்கு வங்க அமைச்சர் ஒருவர் இவருடைய பாட்டு சீரழிந்த கலாசாரம் என்று சொல்லி அரசு அரங்குகளின் கதவை மூடினார். இவர் நீதிமன்றம் போய் வென்றார். அரசியலும் கட்சியும் எனக்கு இங்கே முக்கியமில்லை. அரங்கம் நிறைய ஆட்களை இப்படிக் கட்டிப்போடும் ஒருவரை யாரும் சும்மா விடமாட்டார்கள் என்பது எனக்குப் புரிகிறது. 2024இல் பத்ம பூஷண் கொடுத்தார்கள். கொடுக்கட்டும், இன்னும் முன்னாலேயே கொடுத்திருக்க வேண்டும்.

‘வேகம் வேகம்’ அன்று பாடவில்லை. பாடுவார் பாடுவார் என்று காத்திருந்தேன், கடைசிப் பாட்டும் வந்துவிட்டது. குறையாகத் தோன்றவில்லை. அந்தப் பாட்டை எனக்கு எப்போதும் கேட்கக் கிடைக்கும். அன்றைக்குக் கேட்டதுதான் வேறெங்கும் கிடைக்காது.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றோம். அத்தை, கைதட்டிச் சிவந்த உள்ளங்கைகளைப் புடவைத் தலைப்பில் தேய்த்துக்கொண்டார்.

“எப்படி இருந்துச்சு அத்தை?”

“அடுத்த தடவை முன்னாடி சீட்டா பாத்து எடு. வெலையப் பாக்காத, பென்ஷன் பணம் இருக்கு. அந்தம்மா கையை நீட்டி மைக்கைக் குடுக்கறாங்களே, அது நம்ம வரிசை வரைக்கும் வரல பாரு.”