கத்தரிச் செடியில் ஒரு தையல்சிட்டு

கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் அது. வீட்டுக்குப் பின்னால் கத்தரி, வெண்டை, முருங்கை, பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற இடத்தில் வாழை. மகள் புது செல்போன் வாங்கியதும் பழையதை அம்மாவிடம் கொடுத்தார். அதில்தான் அந்த அம்மாவுக்குக் குருவிப் படம் எடுக்கும் பழக்கம் வந்தது.

முதல் மாதம் பதிவானதெல்லாம் வெறும் கிளைதான். போனைத் தூக்கியதும் குருவி பறந்துவிடும். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மண்தட்டில் இரண்டு விரல்கடை ஆழத்துக்குத் தண்ணீர். பூனை பதுங்க இடமில்லாத வெட்டவெளியில் அதை வைத்தார். பக்கத்தில் செங்கல்லில் போனைச் சாய்த்து, வீடியோவை ஓடவிட்டு வேலைக்குப் போய்விடுவார். காலை வெயில் போனுக்குப் பின்னாலிருந்து விழ வேண்டும், அவ்வளவுதான். கொண்டைக்குருவி, ஏழெட்டாகச் சேர்ந்துவரும் தவிட்டுக்குருவி, தேன்சிட்டு எல்லாம் அகப்பட்டன. விலை உயர்ந்த கேமரா வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் பொறுமை இல்லாவிட்டால் கிளைதான் மிஞ்சும்.

ஆடி மாதம் கத்தரிச் செடியில் இரண்டு இலைகள் ஒட்டிக்கொண்டதுபோல் தெரிந்தன. தையல்சிட்டின் வேலை. இலையோரத்தில் அலகால் துளையிட்டு, பஞ்சையும் சிலந்தி நூலையும் கோத்து இழுத்துப் பை மாதிரி ஆக்கி, அதற்குள் கூடு வைக்கும். விடுமுறைக்கு வந்திருந்த மருமகப் பையன், "அத்தை, அந்த இலையைக் கொஞ்சம் விலக்கிப் பிடிங்க, குஞ்சு நல்லாத் தெரியும்" என்றான். அவர் விடவில்லை. மூடியிருக்கும் இலைதான் குஞ்சுக்குக் காவல். விலக்கிவிட்டால் காக்கையும் செம்போத்தும் பார்த்துவிடும். குஞ்சைத் திறந்து காட்டும் படங்கள் செல்போனில் நிறைய சுற்றுகின்றன. அந்தக் குஞ்சுகள் பிறகு என்ன ஆயின என்று யாரும் போடுவதில்லை.

அதே வாரம் செடியில் தண்டுதுளைப்பான் விழுந்து குருத்துகள் வாடின. வீட்டுக்காரர் தெளிப்பானைத் தோளில் மாட்டிவிட்டார்.

"ரெண்டு வாரம் பொறுத்துக்குங்க."

"குருவிக்காகக் காயை அழிய விடறதா?"

அவர் வாதாடவில்லை, வீடியோவைக் காட்டினார். ஆறடி தள்ளி வைத்து எடுத்தது. தாயும் தகப்பனும் மாறி மாறி வருகின்றன, ஒவ்வொரு முறையும் அலகில் பச்சைப் புழுவோ பூச்சியோ. மருந்து பட்ட புழுவும் அதே வாய்க்குத்தான் போகும். வீட்டுக்காரர் இரண்டு தடவை பார்த்துவிட்டு தெளிப்பானை இறக்கினார்.

தண்டுக்குள் புகுந்த புழுவைத் தையல்சிட்டு எடுத்துத் தராது. அதையும் சொல்ல வேண்டும். அதனால் இருவருமாக வாடிய குருத்துகளைக் கிள்ளி, சொத்தைக் காய்களைப் பறித்து எரித்தார்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை அந்த வேலை. கூடு இருந்த செடியை மட்டும் தொடவில்லை, அதில் காய் பாதிக்கு மேல் வீண். மற்ற செடிகள் தப்பின. சந்தைக்குப் போகிற காட்டில் இப்படிப் பொறுத்திருக்க முடியுமா என்றால் கஷ்டம்தான். வீட்டுத் தோட்டத்தில் முடிந்தது.

தையல்சிட்டுக் குஞ்சு பொரித்து ஏறக்குறைய 14 நாளில் பறந்துவிடும். அந்த அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் மூன்றும் கிளம்பிவிட்டன. பறக்கும் படம் கிடைக்கவில்லை. தைத்த இலை மட்டும் பழுத்துத் தொங்க, அதை ஒரு படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார்.