எலும்பு கூடியது, ஒரு பழைய கேள்வியும்

கை எப்படி இருக்கிறது என்று விசாரித்த எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். வலது கையால் மட்டும் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். (பிரண்டைத் துவையல் கொடுத்தனுப்பிய அண்ணிக்குத் தனி நன்றி. நாக்கு இன்னும் அரிக்கிறது.)

குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடது மேல்கை எலும்பு முறிந்தது. மூன்றாம் வாரம் எடுத்த எக்ஸ்ரேயிலும் முறிவு அப்படியே தெரிந்தது. 71 வயதில் இனி எங்கே கூடப்போகிறது என்று அன்றிரவு தூங்கவில்லை. டாக்டரோ, "உள்ளே வேலை நடக்குதும்மா, எக்ஸ்ரேயில தெரியாது" என்றார். முறிந்த இடத்தில் முதலில் வளர்வது மெத்தென்ற நாரும் குருத்தெலும்பும்தான். அதில் கால்சியம் படியும்வரை படத்தில் தெரியாது.

அப்போதுதான் எட்டாம் வகுப்பு வினிகர் சோதனை நினைவுக்கு வந்தது. கோழிக்கால் எலும்பைச் சில நாள் ஊறவைத்து, ரப்பர் போல வளைத்துக் காட்டுவேன், ஞாபகம் இருக்கிறதா? "சுண்ணாம்புச் சத்து கரைஞ்சு போச்சு" என்பேன். ஒரு வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "கரைஞ்சு போச்சுன்னா வடிவம் மட்டும் ஏன் டீச்சர் அப்படியே இருக்கு?" என்றான். எனக்குப் பதில் தெரியாது. "கேள்வி கேக்கத் தெரியுது, பரீட்சையில எழுதத் தெரியல" என்று உட்காரவைத்தேன். வகுப்பே சிரித்தது. அதன்பிறகு அவன் கை தூக்கவே இல்லை.

பதில் இதுதான் தம்பி. வீடு கட்டும்போது முதலில் கம்பி கட்டுகிறார்கள் அல்லவா? எலும்பில் அந்தக் கம்பி, கொலாஜன் என்ற புரத இழை. செல்கள் முதலில் அதைத்தான் நெய்கின்றன. 67 நானோமீட்டருக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும் அமைப்பு, நடுநடுவே இடைவெளிகள். கால்சியமும் பாஸ்பேட்டும் அந்த இடைவெளிகளுக்குள் புகுந்து, சில நானோமீட்டர் தடிமனே உள்ள தகடுகளாகப் படிகமாகின்றன. எந்தத் திசையில் வளர்வது என்பதற்கும் இழைதான் வழிகாட்டி. கான்கிரீட்டை வெளியிலிருந்து ஊற்றுகிறோம். இது உள்ளேயே விளைகிறது. எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்தத் தாதுதான். வினிகர் அதைக் கரைத்துவிடும், கம்பிக்கட்டு நிற்கும். நீ பார்த்த வடிவம் அது. எலும்பை நெருப்பில் சுட்டால் நேர்மாறு: புரதம் எரிந்துபோகும், வடிவம் இருக்கும், ஆனால் தொட்டால் நொறுங்கும்.

போன வாரப் படத்தில் முறிவைச் சுற்றி வெண்மேகம் போலத் தெரிந்தது. கூட ஆரம்பித்துவிட்டதாம்.

அவனுக்கு இப்போது 45 தாண்டியிருக்கும். கூடப் படித்தவர்கள் யாருக்காவது தொடர்பு இருந்தால் இதைக் காட்டுங்கள். நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். பெயரை இங்கே போட மனம் வரவில்லை. அவன் போன் செய்தால் அந்த இரண்டு எக்ஸ்ரேயையும் அனுப்பிவைப்பேன்.